மொழிபெயர்ப்பின் கீழே யாருடைய கையொப்பம்?

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு வரவேண்டிய கடிதங்கள், படிவங்கள், அறிவித்தல்கள் ஆகியவற்றில் ஒரு பகுதி இப்போது கணினியின் வழியாகவே வந்து சேருகின்றது என்பதை யாழ்ப்பாணத்தில் அலுவலகங்களுக்கு ஏறி இறங்குவோர் அறிவர். இதையொட்டி எழும் பேச்சுக்கள் பெரும்பாலும் இயந்திரம் நன்றாக மொழிபெயர்க்கின்றதா என்ற ஒரு கேள்வியையே சுற்றி வருகின்றன. அந்தக் கேள்வி தேவையற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவருடைய உரிமையோ காணியோ உடல்நலமோ தங்கியிருக்கும் ஆவணத்தைப் பொறுத்தவரையில், பிழை நேர்ந்தால் பொறுப்புச் சொல்லப்போவது யார் என்பதையே முதலில் கேட்கவேண்டும். நீண்டகாலம் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டிருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றை எழுத இடம் தருமாறு வேண்டுகின்றேன்.

இயந்திரத்தை எள்ளி நகையாடும் காலம் கடந்துவிட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1954 இல் அமெரிக்காவின் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டியபோது, சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினார்கள். 1966 இல் அந்நாட்டு நிபுணர் குழுவொன்று வெளியிட்ட அறிக்கை அந்த நம்பிக்கையைக் கலைத்தது. ஆய்வுக்கு வந்துகொண்டிருந்த பணமும் வற்றியது. பின்னர் 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இயந்திரத்துக்கு இலக்கணம் கற்பிப்பதைக் கைவிட்டு, கனடாப் பாராளுமன்ற விவாதங்களின் ஆங்கிலப் பதிவையும் பிரெஞ்சுப் பதிவையும் அருகருகே வைத்து, எதற்கு எது நிகராக வந்திருக்கின்றது என்பதைப் புள்ளிவிபரமாகக் கணக்கிட்டார்கள். கூகுள் நிறுவனம் 2006 இல் தொடங்கிய சேவையும் அந்த வழியிலேயே சென்றது. அதில் தமிழ் 2011 இலும் சிங்களம் 2014 இலும் சேர்க்கப்பட்டன. 2016 இல் அந்நிறுவனம் மூளையின் நரம்பு இணைப்புகளை முன்மாதிரியாகக் கொண்ட நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறத் தொடங்கிய பின்னர் தமிழாக்கத்தின் தரம் கண்கூடாக உயர்ந்தது.

இந்த வரலாற்றில் பலர் கவனியாது விடும் செய்தியொன்று உண்டு. கனடாப் பாராளுமன்றத்தின் ஒவ்வொரு நாள் விவாதத்தையும் மற்ற மொழியில் எழுதி வைத்த மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாவிட்டால் அந்த ஆய்வாளர்களுக்குக் கணக்கிட எதுவும் இருந்திராது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அரச ஆவணங்களுக்கென உருவாக்கிய சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பு மென்பொருளும் நமது அரச மொழிபெயர்ப்பாளர்கள் ஏற்கெனவே செய்து வைத்த ஆவணங்களையே பாடநூலாகக் கொண்டது. ஆகவே, இனிமேல் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று கேட்பவர்கள், அந்த இயந்திரம் அடுத்த தலைமுறையின் தமிழை எவரிடமிருந்து கற்கப்போகின்றது என்பதையும் சேர்த்தே யோசிப்பது நல்லது. தன்னுடைய பழைய வெளியீட்டையே மீண்டும் படித்துப் படித்து அது தேறப்போவதில்லை.

நமது நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கின்றது. சிங்களமும் தமிழும் வாக்கிய அமைப்பில் நெருங்கியவை. இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் நிற்கும். முன்னிலையில் பேசும்போது எதிரில் இருப்பவரின் நிலைக்கேற்ப மாற்றிப் பேசும் வழக்கம் இரண்டிலும் உண்டு. ஆனால் இவ்விரு மொழிகளுக்கும் இடையே இணையாக வைத்துக் கற்கக்கூடிய ஆவணத் தொகுதி சிறியதாகையால், பல இயந்திரங்கள் சிங்களத்தை முதலில் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைப் பின்னர் தமிழாக்கி வந்திருக்கின்றன. அருகருகே உள்ள ஊர்களான கொக்குவிலிலிருந்து இணுவிலுக்கு இலண்டன் வழியாகப் போவதைப் போன்றது இது. போய்ச் சேருகின்றபோது, புறப்பட்ட இடத்தில் இருந்த மரியாதையும் ஒருமை பன்மையும் வழியில் எங்கோ தவறவிடப்பட்டிருக்கும். இதற்கு மேலாக, இணையத்தில் கிடைக்கும் தமிழில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அங்குள்ள தமிழில் குறையொன்றும் இல்லை. ஆயினும் இங்குள்ள பிரதேச செயலகத்துக்கும் நொத்தாரிசுக்கும் நமது காணி உறுதிகளில் வரும் முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) ஆகியவற்றுக்கும் அந்தத் தமிழில் இடமில்லை. அரசகரும மொழித் திணைக்களம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து துறை துறையாகத் தொகுத்து வெளியிட்ட சொற்றொகுதிகள் இந்த நாட்டின் நிருவாகத் தமிழை உருவாக்கியவை. அவற்றை முறையாகக் கணினிக்கு ஏற்றவாறு எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தால் இன்றைய நிலை ஓரளவாவது வேறாக இருந்திருக்கும்.

எனினும் சொற்பிழையை விட அஞ்சவேண்டியது வேறு. பழைய இயந்திரம் பிழை விட்டால் அது பிழையென்று எவருக்கும் தெரிந்தது. வாக்கியமே உருக்குலைந்து கிடக்கும், வாசிப்பவர் சிரித்துவிட்டு மூலத்தைத் தேடுவார். புதிய இயந்திரமோ பிழையையும் நல்ல தமிழிலேயே எழுதுகின்றது. எதிர்மறை உடன்பாடாக மாறியிருக்கலாம். நீண்ட வாக்கியமொன்றின் நடுவில் இருந்த ஒரு நிபந்தனை முழுவதாக மறைந்திருக்கலாம். ஆனால் வாசிப்பு எங்கும் இடறாது. தமிழில் எழுவாய் இல்லாமலே நாம் பேசுவோம். ‘வந்தார்கள், விசாரித்தார்கள், கூட்டிக்கொண்டு போனார்கள்’ என்று ஒரு தாய் கூறினால், வந்தவர் யார் என்பதை அவர் தெரிந்தே சொல்லாமல் விட்டிருக்கலாம், அல்லது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆங்கிலத்துக்கு எழுவாய் வேண்டும் என்பதற்காக முந்திய வாக்கியத்தில் வந்த யாரையோ இயந்திரம் அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டால், புகலிடக் கோரிக்கையொன்றின் தலைவிதி அதனால் மாறலாம். அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மாவிடம் திரும்பக் கேட்பார். அவருடைய வேலையின் பெரும்பகுதி அவ்வாறு கேட்பதுதான்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த விடயத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் திசாவையாக, அதாவது பிரதேச நிருவாகியாகக் கடமையாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இங்குள்ள மக்களின் சீதன, முதுச, காணி வழக்காறுகளைத் திரட்டி 1707 இல் டச்சு மொழியில் எழுதி முடித்தார். அதுவே யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை. அந்த மனிதருக்கு இந்த ஊரில் நீண்ட அனுபவம் இருந்தது, எழுதியதும் அவரே, ஆட்சியும் அவருடைய பக்கமே இருந்தது. ஆயினும் அந்தத் தொகுப்பு அப்படியே சட்டமாக ஏற்கப்படவில்லை. அதைத் தமிழுக்கு மொழிபெயர்ப்பித்து, முதலியார்கள் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்கள் 12 பேரிடம் கொடுத்து, இது எங்கள் வழமைதான் என்று அவர்கள் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே அது நிலைபெற்றது. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்கு மீண்டும் சட்டவலு அளித்தனர். அந்தப் பன்னிருவரும் ஊர் முழுவதற்கும் பேசத் தகுதி படைத்தவர்களா, பெண்களின் குரலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரின் குரலும் அங்கே எங்கே என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் மொழிமாறிய ஒரு பத்திரம் மக்களைக் கட்டுப்படுத்துமுன் அதைப் படித்து ஒப்புக்கொண்டவர்கள் யாரென்று சுட்டிக்காட்டக்கூடிய நிலை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே இருந்தது.

அவ்வாறு சுட்டிக்காட்ட எவரும் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் உள்நாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கின்றேன். 2017 ஒக்டோபரில் பலஸ்தீனத் தொழிலாளி ஒருவர் பேஸ்புக்கில் அரபு மொழியில் காலை வணக்கம் எழுதியிருந்தார். அந்தத் தளத்தின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதனை ஹீப்ரூ மொழியில் தாக்குதலுக்கான அழைப்பாகக் காட்டியது. இஸ்ரேலியப் பொலிஸார் அவரைக் கைதுசெய்து, சில மணி நேரம் விசாரித்து, பின்னர் விடுவித்தனர். இயந்திரம் பிழை விட்டது வியப்புக்குரியதன்று. கைது செய்யுமுன் அரபு தெரிந்த அலுவலர் ஒருவரிடமாவது அந்த வரியைக் காட்டவில்லை என்பதே அங்கு நடந்த தவறு.

உள்நாட்டு உதாரணத்தில் இயந்திரமே இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1993 இல் தடுத்துவைக்கப்பட்ட சிங்கராசா என்பவரின் ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. விசாரித்த அதிகாரியுடன் அங்கிருந்த கான்ஸ்டபிளே தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையில் உரைபெயர்த்தார். தட்டச்சுச் செய்தவரும் அவரே. அந்த வாக்குமூலத்தை மட்டும் நம்பிச் சிங்கராசாவுக்கு நீண்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அத்தகைய சூழலில் பெறப்பட்ட வாக்குமூலத்தின் பேரில் தண்டித்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியதாகும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 இல் தீர்மானித்தது. மனிதர் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதாடவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகும். மொழிபெயர்ப்பவர் வழக்கில் எந்தப் பக்கத்தையும் சாராதவராக, தகுதி உடையவராக, பின்னர் அழைத்துக் கேள்வி கேட்கக்கூடியவராக இருக்கவேண்டும். இயந்திரத்தைக் குறுக்கு விசாரணை செய்ய எந்தச் சட்டத்தரணியாலும் முடியாது.

சட்டம் நமக்குத் தந்திருப்பவை தாளில் குறைந்தவை அல்ல. 1987 இல் கொண்டுவரப்பட்ட 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் 16 ஆம் திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றங்களிலும் மொழி உரிமையை விரித்துரைத்தது. நீதிமன்றில் வழங்கும் மொழியை அறியாத தரப்பினருக்கு அரசு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் வழங்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அதே வேளையில், பாராளுமன்றம் ஆக்கும் சட்டங்களின் இறுதியில் சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் இடையே முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்ற பிரிவு வழக்கமாக இடம்பெறுகின்றது. இதன் நடைமுறைப் பொருளை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? தமிழாக்கத்தில் உள்ள தவறின் முழுச் சுமையும் தமிழில் வாசித்தவரின் தலையிலேயே விழுகின்றது. அவர் தமிழ்ப் பிரதியை நம்பி நடந்தார் என்பது அவரைக் காப்பாற்றாது. அத்தகைய நாட்டில் தமிழ்ப் பிரதியை எவரும் ஒப்புநோக்காமல் இயந்திரத்திலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிவிடுவது, மற்ற நாடுகளில் அவ்வாறு செய்வதை விடக் கொடியது.

இதற்காக இயந்திரத்தைப் படலைக்கு வெளியே நிறுத்தவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கனடாவில் 1977 தொடக்கம் 2001 வரை வானிலை அறிவித்தல்களை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றியது மெத்தெயோ என்ற கணினி முறைமையே. வானிலை அறிக்கையின் மொழி சிறியது. ஒரே வகை வாக்கியங்கள் நாள்தோறும் திரும்பத் திரும்ப வருபவை. ஆகையால் அது நன்றாகவே வேலை செய்தது, அந்தச் சலிப்பூட்டும் வேலையிலிருந்து மனிதர்களும் தப்பினார்கள். பருத்தித்துறையிலும் குருநகரிலும் மயிலிட்டியிலும் கடலுக்குப் போகின்றவர்களுக்குக் காற்று எச்சரிக்கை தமிழில் தாமதமாகக் கிடைப்பதை விட, மனிதர் ஒருமுறை சரிபார்த்து அமைத்த சட்டகத்திலிருந்து இயந்திரம் உடனுக்குடன் தருவது ஆயிரம் மடங்கு மேல். கூட்டக் குறிப்புகள், உள்ளகச் சுற்றறிக்கைகளின் முதல் வரைவு, பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கும் பழைய கோப்புகள் ஆகியவற்றுக்கும் அது உதவும். தமிழில் நடந்த வழக்குகள் மேன்முறையீட்டுக்காகக் கொழும்புக்குச் செல்லும்போது வழக்கேடு முழுவதையும் ஆங்கிலமாக்க நேர்வதால் ஏற்படும் தாமதத்தைச் சட்டத்தரணிகள் அறிவார்கள். முதல் வரைவை இயந்திரம் செய்து, தகுதியுள்ள ஒருவர் வரி வரியாக ஒப்பிட்டு உறுதிப்படுத்தினால், விளக்கமறியலில் இருப்பவரின் நாட்கள் சில குறையக்கூடும். பெயர்ப்பலகைகளிலும் அறிவித்தல்களிலும் தமிழ் கொலைப்பட்டது கணினி வருவதற்கு மிக முன்னரே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்றும் எழுதியவர் பெயர் எவருக்கும் தெரியாது, இன்றும் தெரியாது.

தொழிலின் நிலைக்கு வருகின்றேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, அற்றோணித் தத்துவம் (பிறர் சார்பில் செயற்பட அதிகாரம் அளிக்கும் பத்திரம்) ஆகியவற்றை வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென மொழிபெயர்க்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்று வருவோர் சிலர், கைத்தொலைபேசியில் இயந்திரத்தால் மொழிபெயர்த்து எடுத்த ஆங்கிலப் பிரதியையும் கையோடு கொண்டுவந்து, ‘எல்லாம் சரியாய்த்தான் இருக்குது, நீங்கள் முத்திரையை மட்டும் குத்தித் தாங்கோ’ என்கின்றனர். அலுவலகங்களும் இதையே நாகரிகமாகச் சொல்கின்றன: இது திருத்தம் மட்டுமே, ஆகவே பாதிக் கட்டணம் போதும். திருத்துபவர் மூலத்தை முழுவதும் வாசிக்கவேண்டும், வெளியீட்டை முழுவதும் வாசிக்கவேண்டும், ஒழுங்காக ஓடும் வாக்கியத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் தவறைத் தேடிப் பிடிக்கவேண்டும். பல வேளைகளில் புதிதாக எழுதுவது இதைவிட எளிது. முத்திரைக்குக் கொடுக்கும் பணம் மைக்காகக் கொடுப்பதன்று. நாளை தூதரகமோ நீதிமன்றமோ கேட்டால் எழுந்து நின்று விடை சொல்வதற்காகக் கொடுப்பது.

இதைவிடப் பெரிய கவலையொன்று இளையவர்களைப் பற்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பியல் பயில்வோர் இந்தப் படிப்புக்கு இனி வேலை உண்டா என்று கேட்கின்றனர். உண்டு என்பதே என் விடை. ஆனால் அந்த வேலைக்குப் போகும் வழி அடைபடுகின்றது. ஒப்புநோக்கும் கண் ஒருவருக்குப் பிறவியிலேயே வருவதில்லை. படிவங்களையும் சுற்றறிக்கைகளையும் சலிக்கச் சலிக்க மொழிபெயர்த்து, மூத்தவர் சிவப்பு மையால் வெட்டியதைப் பார்த்து வெட்கப்பட்டு, மீண்டும் எழுதி, அப்படித்தான் அது வந்தது. அந்தத் தொடக்க வேலைகள் முழுவதையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, பதினைந்து ஆண்டுகளின் பின்னர் இயந்திரத்தைத் திருத்தும் மூத்தவர் எங்கே என்று தேடினால் கிடைக்கமாட்டார். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், இரணவைத்தியம் (அறுவை மருத்துவம்), கெமிஸ்தம் (இரசாயனவியல்) முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தது தமிழ் மாணவர்களோடும் அறிஞர்களோடும் இருந்து உழைத்தே. நூல்கள் பழசாகிவிட்டன. ஆனால் அந்த வேலையின்போது தமிழில் மருத்துவம் கற்ற ஒரு தலைமுறையும் கூடவே உருவானது. மொழிபெயர்ப்பை வெளியீடாக மட்டும் கணக்கிடும் அலுவலகங்கள், அதைச் செய்யும்போது உருவாகும் ஆட்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றேன். நோயாளரின் மருத்துவ அறிக்கையையும், பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் முறைப்பாட்டையும், வங்கிக் கணக்கு விபரத்தையும் இலவச இணையத்தளமொன்றில் ஒட்டி மொழிபெயர்ப்பவர்கள், அவை எந்த நாட்டிலுள்ள எந்தக் கணினிக்குப் போகின்றன என்று எண்ணுவதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது நாட்டில் இயற்றப்பட்டிருக்கின்றது. மொழிபெயர்ப்புக்காக ஒட்டப்படும் ஆவணமும் தரவுதான் என்பதை அலுவலகத் தலைவர்கள் தம் உத்தியோகத்தர்களுக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

செய்யக்கூடியது என்ன? அமெரிக்காவில் 2024 இல் வெளியான சுகாதாரத் துறை விதியொன்று, ஒருவரின் உரிமைகளுக்கும் நலன்களுக்கும் இன்றியமையாத வாசகத்தை இயந்திரத்தால் மொழிபெயர்த்தால், அதைத் தகுதிபெற்ற மனித மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மீளாய்வு செய்தே ஆகவேண்டும் என்று விதிக்கின்றது. இதற்கு நிகரான ஒன்றை 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழு இங்கும் பரிந்துரைக்கலாம். அரச அலுவலகங்களில் வெறுமையாக இருக்கும் மொழிபெயர்ப்பாளர் பதவிகளை, இயந்திரம் வந்துவிட்டதே என்ற சாட்டில் இல்லாதொழிக்காமல் நிரப்பவேண்டும். ஒப்புநோக்கலுக்குத் தனிக் கட்டணம் வகுக்கப்படவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் கொழும்பு அசையும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வடமாகாண அலுவலகங்கள் வெளியிடும் ஒவ்வொரு தமிழாக்கத்தின் அடியிலும் மொழிபெயர்த்தவர், ஒப்புநோக்கியவர் என்று இரண்டு வரிகளைச் சேர்ப்பதற்குப் பிரதம செயலாளரின் சுற்றறிக்கையொன்று போதுமானது. இயந்திரம் பயன்பட்டிருந்தால் முதல் வரியில் தாராளமாக அதன் பெயரை எழுதலாம். இரண்டாவது வரியில் ஓர் ஆளின் பெயரும் பதவியும் கையொப்பமும் இருக்கட்டும். அந்த வரி வெறுமையாக உள்ள பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள மறுக்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டென்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதிவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.